லாக்புக்கில் கையெழுத்துப் போடுமுன்

பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போஸ்டிங் முடிகிற வாரம் மருத்துவ அலுவலரின் (எம்ஓ) மேஜையில் பயிற்சி டாக்டர்களின் லாக்புக்குகள் அடுக்காக வந்து உட்காரும். மூன்று மாதத்துப் பதிவுகள், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. பார்த்த பிரசவம் இத்தனை, உதவியது இத்தனை, தானே செய்தது இத்தனை என்று ஐந்து பேர் புத்தகத்திலும் அச்சு அசலாக ஒரே எண்கள். வெளியே ஓபி வரிசை வேப்பமரம் வரை நிற்கிறது. எம்ஓ பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளுகிறார். அந்தக் கையெழுத்து எதற்கும் சாட்சி இல்லை என்பது போட்டவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

கிராமத்துப் போஸ்டிங்கில் சிஆர்ஆர்ஐக்கு (எம்பிபிஎஸ் முடித்து ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) எதைக் கற்றுக்கொடுப்பது, அவர் கற்றுக்கொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு. முக்கியமாக எம்ஓக்களுக்கும், கம்யூனிட்டி மெடிசின் துறையிலிருந்து மேற்பார்வைக்கு வரும் உதவிப் பேராசிரியர்களுக்கும் எழுதியது. சிஆர்ஆர்ஐகள் படித்தால் இன்னும் நல்லது. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

விதியில் குறை இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி ஓராண்டுச் சுழற்சிப் பயிற்சியில் 12 வாரம் சமுதாய மருத்துவத்துக்கு. வேறு எந்தத் துறைக்கும் இவ்வளவு கிடையாது. 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு கேட்டதும் இதே மூன்று மாதம்தான். மதிப்பீட்டைப் பற்றி 1997 விதிமுறை இன்னும் கறாராகச் சொன்னது: நோய் பற்றிய அறிவு, கைத்திறன், பொறுப்பு, குழுவோடு சேர்ந்து வேலை செய்வது, தானே முன்வருவது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், ஏதேனும் ஒன்றில் 3-க்குக் கீழே போனாலே பயிற்சி திருப்தியாக முடியவில்லை என்று பொருள். அப்படி 2 போட்ட ஒரு படிவத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்?

ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிடை மருத்துவக் கல்வியில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அடியில் 'தெரியும்', அதன் மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கு மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'உண்மையில் செய்கிறார்'. கல்லூரி மருத்துவமனையில் அந்த உச்சியைப் பார்க்கவே முடியாது. நோயாளிக்கும் சிஆர்ஆர்ஐக்கும் நடுவில் பிஜி (முதுநிலை மாணவர்), உதவிப் பேராசிரியர், வார்டு சிஸ்டர் என்று மூன்று பேர் நிற்பார்கள். சிஆர்ஆர்ஐ ரத்தம் எடுப்பார், ரிப்போர்ட் வாங்கிவருவார், ஸ்ட்ரெச்சரோடு ஓடுவார். பிஹெச்சியில் நடுவே ஆள் இல்லை. அவர் என்ன செய்கிறார் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும் இடம் இது ஒன்றுதான். அங்கேயும் யாரும் பார்க்கவில்லை என்றால் அப்புறம் எங்கே பார்ப்பது?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வேலை செய்யப்போகும் டாக்டருக்கு இதைவிட முக்கியமான பாடம் குறைவு. இதில் வரும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைத் தேர்வில் கேட்டால் எல்லாரும் எழுதிவிடுவார்கள். 2 மில்லி சிரை ரத்தம், சுத்தமான, ஈரமில்லாத, புதுக் கண்ணாடி டெஸ்ட் ட்யூப், அறை வெப்பம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. ரத்தம் ஓடினால் உறையவில்லை, ஏஎஸ்வி (பாம்பு விஷமுறி மருந்து) போட வேண்டும்.

செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் ஆள் பிளாஸ்டிக் குழாயை எடுப்பார், லேபில் கைக்கு அதுதான் கிடைக்கும். ரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடிப் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் கிடக்கலாம், தேவையில்லாதவருக்கு 10 குப்பி ஏஎஸ்வி ஏறிவிடும். இரண்டாம் ஆள் கண்ணாடிக் குழாய்தான் எடுப்பார், ஆனால் சோப்புப் பவுடரில் கழுவிக் கவிழ்த்து வைத்தது. சோப்பின் படலம் மிச்சமிருந்தாலும் இதே கதைதான். மூன்றாம் ஆள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, எட்டாவது நிமிடத்தில் பொறுமையில்லாமல் குழாயை எடுத்து ஆட்டிப் பார்ப்பார். நான்காம் ஆள் குழாயை வைத்த நேரத்தை எழுதியிருக்க மாட்டார். நடுவில் ஓபியில் இரண்டு காய்ச்சல் பார்த்துவிட்டு வந்து, 'இருபது ஆகியிருக்கும் சார்' என்பார். இந்த நாலு தவறில் ஒன்றுகூட எழுத்துத் தேர்வில் வெளியே வராது.

சந்தேகம் வந்தால் வழி எளிது. அதே குழாய்க் கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, கடிபடாத ஒருவரின் ரத்தத்தை விட்டுப் பக்கத்திலேயே வையுங்கள். அதுவும் உறையாவிட்டால் கோளாறு குழாயில். சிஆர்ஆர்ஐ தானாக இந்த யோசனையைச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு 5 போடலாம்.

சோதனையோடு நிறுத்தாமல் ஏஎஸ்வி கலக்குவதையும் பார்க்க வேண்டும். உறையவைத்து உலர்த்திய தூளாக இருக்கும் குப்பிக்கு 10 மில்லி நீரை விட்டு உள்ளங்கையில் மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரை கட்டும், அப்புறம் சிரிஞ்சில் வருவது பாதி நுரை. 10 குப்பியையும் கரைக்கக் கணிசமான நேரம் பிடிக்கும், அதனால் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது கரைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. டெஸ்ட் டோஸ் கிடையாது. ஆனால் ஒவ்வாமை வந்தால் கொடுக்க, பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே பெரியவர்களுக்கான 0.5 மில்லிகிராம் அட்ரினலின் சிரிஞ்சில் ஏறி, பெயர் எழுதி, தட்டில் தயாராக இருக்க வேண்டும். அரிப்பு ஆரம்பித்த பிறகு ஆம்பூலைத் தேடுகிறவர் தேறவில்லை. முதல் டோஸ் ஏஎஸ்விக்கு 6 மணி நேரம் கழித்து மறுபடி ஓர் உறைவுச் சோதனை.

நரம்பைத் தாக்கும் கட்டுவிரியனைத் தனியாகக் கேளுங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கடித்த தடம் எங்கும் இல்லை. பாதிப் பேர் ரானிடிடினும் ஓஆர்எஸ்ஸும் எழுதுவார்கள். மேலே ஃபேனைப் பார்க்கச் சொல்லி இமை கீழே சரிகிறதா என்று பார்த்தாரா, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ணுகிறார் என்று கேட்டாரா என்பதுதான் அங்கே மதிப்பெண். இமை சரிந்த கேஸில் 20 நிமிடச் சோதனை இயல்பாக இருக்கலாம். 'ரத்தம் உறைஞ்சிடுச்சு, வீட்டுக்கு அனுப்பிடலாம்' என்று சொல்கிறவர் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவர்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். இதில் பார்க்க வேண்டியவை ஏராளம். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பிபி. ஏஎன் (கர்ப்பிணிகள்) பதிவேட்டைத் திறந்து கடைசி இலக்கத்தை மட்டும் விரலால் இறங்கிப் பாருங்கள். 110/70, 120/80, 110/70 என்று வரிசையாக எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் அங்கே அளக்கவில்லை, எழுதியிருக்கிறார்கள். கையால் அளக்கும் கருவியில் 2 மிமீ கணக்கில்தான் படிக்க முடியும், நூறு பேருக்கு அளந்தால் 112-ம் 126-ம் 84-ம் வந்தே தீரும். அளக்கும்போது கவனிக்க வேண்டியவை: அந்த அம்மா பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்துவந்து 5 நிமிடமாவது உட்கார்ந்தாரா, முதுகுக்குச் சாய்மானம் இருந்ததா, ரவிக்கைக் கையின் மேலேயே கஃப் (பிபி கருவியின் பட்டை) சுற்றப்பட்டதா, கை நெஞ்சு மட்டத்தில் இருந்ததா, நாடி பிடித்து முதலில் மேல் அளவைக் கண்டாரா, காற்றை மெல்ல இறக்கினாரா. ஒல்லியான கைக்குப் போடும் கஃப்பைப் பருமனான கைக்குப் போட்டால் இல்லாத பிபி காட்டும். சரிபார்க்க ஒரே வழி, சிஆர்ஆர்ஐ எழுதியதைப் பார்க்காமல் ஸ்டாஃப் நர்ஸ் உடனே இன்னொரு தடவை அளப்பது. பத்துப் பேருக்கு இப்படிச் செய்தால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, வயிற்றின் உயரத்தை டேப்பால் அளப்பது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை, நிறைந்த சிறுநீர்ப்பை உயரத்தை ஏற்றிக் காட்டும். இடது உள்ளங்கையின் ஓரத்தால் மேலிருந்து அழுத்தி வந்து கர்ப்பப்பையின் உச்சியைக் கண்டபின், டேப்பை எண் இல்லாத பக்கம் மேலே தெரியும்படி போட வேண்டும். எண் தெரிந்தால் கண் ஏமாற்றும்: 32 வாரம் என்று கார்டில் பார்த்தவரின் டேப் 32-இல் போய் நின்றுவிடும். 24 முதல் 36 வாரம் வரை சென்டிமீட்டரும் வாரமும் ஏறத்தாழ ஒன்று, 2 கூடக் குறையலாம். 4 குறைந்தால் குழந்தை வளரவில்லையோ என்று யோசிக்க வேண்டும், தேதி தப்போ என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது சர்க்கரைச் சோதனை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்து நாடெங்கும் பரவிய முறை: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி. கேட்க எளிது, பிஹெச்சியில் கடிகாரம்தான் வில்லன். பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் ஒன்றரை மணியிலேயே கையை நீட்டுவார். லேபில் கூட்டம் என்று இன்னொருவருக்கு இரண்டே முக்கால் ஆகும். இரண்டு எண்ணும் பதிவேட்டில் ஒரே மாதிரி கெளரவமாக உட்கார்ந்திருக்கும். குடித்த நேரத்தைக் கார்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதும் சிஆர்ஆர்ஐயைக் கண்டால் மெச்சிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி. இங்கே கற்றுக்கொடுக்க வேண்டியவர் எம்ஓ அல்ல, விஹெச்என் (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்கா. ஊசி குத்துவது இதில் சின்ன வேலை. ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டிக்குள் அடுக்கினால் பென்டாவலன்ட், ஐபிவி, டிடி குப்பிகள் உறைந்து கெடும். பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார். எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) குப்பியைக் கரைத்தபின் 4 மணி நேரத்தோடு வீசிவிட வேண்டும், பிசிஜியும் அப்படியே. 'மருந்து வீரியம் போய்விடும்' என்பது பாதிக் காரணம். கிருமி வளர்ந்து, போட்ட குழந்தை சில மணி நேரத்தில் காய்ச்சலும் வாந்தியும் பேதியுமாக விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதுதான் உண்மையான பயம். திறந்த பென்டா குப்பியை 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேதியும் நேரமும் எழுதப்பட்டு, ரப்பர் மூடி உருகிய ஐஸ் நீரில் மூழ்காமல் இருந்தால் மட்டும். கடைசியாக, தாயிடம் நாலு விஷயம் சொன்னாரா: என்ன ஊசி எதற்கு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்த தேதி, கார்டைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவருவது. அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது. வேலை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று விஹெச்என் சட்டென்று மதிப்பெண் போட்டுவிடுவார். அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

கைவேலையைப் பார்ப்பது ஒருவிதத்தில் சுலபம். நோயாளியிடம் பேசுவதைப் பார்ப்பதற்குத்தான் மினி-சிஇஎக்ஸ் (Mini-CEX) படிவம். அமெரிக்காவில் ஜான் நார்சினி குழு 1995-இல் வெளியிட்டது. நம் ஊர் ஓபிக்காகவே செய்தது போல இருக்கும். ஒரு நோயாளி, 15 முதல் 20 நிமிடம் கவனிப்பு, அதன்பின் 5 நிமிடம் பேச்சு. விசாரிப்பு, பரிசோதனை, மனிதத்தன்மை, மருத்துவ முடிவு, ஆலோசனை, ஒழுங்கு, மொத்தத் திறன் என ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. ஏழையும் ஒரே நாளில் நிரப்ப முயலாதீர்கள். இன்றைக்கு விசாரிப்பும் ஆலோசனையும் மட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எங்கே உட்காருவது என்பதும் ஒரு விஷயம். எம்ஓ தன் நாற்காலியில் இருந்தால் நோயாளி எம்ஓவைப் பார்த்துத்தான் பேசுவார். சிஆர்ஆர்ஐக்குப் பின்னால், சுவரோரம், ஸ்டூலில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. தவறு நடந்தாலும், நோயாளிக்கு ஆபத்து இல்லாதவரை, படிவத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மூத்த டாக்டர்களுக்கு இந்தப் படிவத்தில் மிகக் கஷ்டமான பகுதி இந்த வாய் மூடல்தான்.

பிபி, சுகர் மாத்திரை வாங்க வந்த அறுபது வயது அம்மாளிடம் பொதுவாக நடப்பது இது:

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"போடறேன் தம்பி."

"உப்பைக் குறைச்சிக்கோங்க, நடங்க. அடுத்த மாசம் வாங்க."

பிபி 168/98. சிஆர்ஆர்ஐ இன்னொரு மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுகிறார். 'ஒழுங்கா போடறீங்களா' என்று கேட்டால் இல்லை என்று டாக்டரிடம் சொல்கிற கிராமத்துப் பெண்மணி கிடையாது. இதே இடத்தில் நன்றாகக் கற்றவர் கேட்கும் விதம் வேறு:

"அம்மா, போன மாசம் குடுத்த அட்டையைக் கொண்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க. இதுல பன்னெண்டு மிச்சம் இருக்கே, எந்த நேரத்துல விட்டுப்போகுது?"

"நூறு நாள் வேலைக்குப் போற அன்னிக்குக் காலையில சாப்பிட மாட்டேன் சாமி. வெறும் வயித்துல எப்படிப் போடறது?"

இனி மருந்தைக் கூட்டத் தேவையில்லை. பிபி மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றினால் ஆயிற்று. சுகர் மாத்திரையை மட்டும் சாப்பிட்டபின் போடச் சொல்லி, பட்டினி கிடக்கும் நாளில் என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். வேலைக்குப் போகும்போது தூக்கில் கொஞ்சம் கூழாவது எடுத்துப்போகச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை போகிறது. ஆனால் வீட்டுக்குப் போன மாத்திரை வயிற்றுக்குப் போனதா என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியும்.

கவனிப்பு முடிந்தபின் வரும் 5 நிமிடத்தை 'நல்லா பண்ணீங்க, இன்னும் படிக்கணும்' என்று முடிக்காதீர்கள். அதில் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொல்லுங்கள்: 'அட்டையை வாங்கி எண்ணினது நல்லா இருந்தது. காலைத் தொட்டுப் பார்க்கலை. சுகர் பத்து வருஷமா இருக்கு, செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கைப் பார்த்திருக்கணும். நாளைக்கு வர்ற மூணு சுகர் கேஸுக்குக் காலைப் பார்த்துட்டு எங்கிட்ட சொல்லுங்க.' இவ்வளவுதான். நோயாளி எதிரில் சொல்லாமல், அவர் பார்மசி வரிசைக்குப் போனதும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு கேஸை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. காய்ச்சலை அழகாக விசாரிப்பவர் கர்ப்பிணியிடம் திணறுவார். வாரம் ஒன்று என்றால் 12 வாரத்தில் 12 ஆகிறது. அதைக் காய்ச்சல், கர்ப்பிணி, குழந்தை, சுகர், முதியவர், காயம் என்று பிரித்து, எம்ஓ, இரண்டாம் எம்ஓ, கல்லூரியிலிருந்து வருபவர் என்று ஆளையும் மாற்றினால் நம்பத்தகுந்த படம் வரும். முதல் வாரம் மதிப்பெண் வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக வைக்கிற வழக்கம்தான் பெரிய தப்பு. திருத்திக்கொள்ள நாளே மிச்சமிருக்காது. இன்னொரு தப்பு, எல்லாருக்கும் 9-க்கு 6. நல்ல பையன், சரியான நேரத்துக்கு வருகிறான், அதனால் எல்லாவற்றிலும் 7 என்று போவதும் அதே ரகம். நேரத்துக்கு வருவதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது; பரிசோதனைக் கட்டத்தில் அதற்கு வேலை இல்லை.

பிரசவத்துக்கு வருகிறேன். லாக்புக்கின் பெரிய பொய்கள் இங்கேதான் இருக்கின்றன, அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல, பஸ். சிஆர்ஆர்ஐ நகரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறார். பிரசவ வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, வாரம் இரண்டு 24 மணி நேர ட்யூட்டி, மறுநாள் ஓய்வு: இவ்வளவு இருந்தால் எண்கள் நிஜமாகும். இல்லாத இடத்தில், குறிப்பாகப் பெண் சிஆர்ஆர்ஐகளிடம், 'ஏன் ராத்திரி தங்கவில்லை' என்று கேட்க யாருக்கும் யோக்கியதை இல்லை. அங்கே பிரசவ எண்ணிக்கையைக் குறைவாகவே எழுத விடுங்கள். 1 என்று எழுதினால் அந்த 1 உண்மையாக இருக்கட்டும்.

தங்கினவரிடம் பார்க்க வேண்டியது முதலில் பார்ட்டோகிராஃப், அதாவது பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் வரைபடத் தாள். பல இடங்களில் பிரசவம் முடிந்து, டீ குடித்து, அப்புறம் உட்கார்ந்து வரைகிறார்கள். கோடு எச்சரிக்கைக் கோட்டுக்கு இணையாக ஓவியம் போல ஏறும். கர்ப்பப்பை வாய் 4 செமீ திறந்ததும் ஆரம்பித்து, குழந்தையின் இதயத் துடிப்பும் 10 நிமிடத்தில் எத்தனை வலி என்பதும் அரை மணிக்கு ஒருமுறை, உள்பரிசோதனை 4 மணிக்கு ஒருமுறை என்று வலியோடு கூடவே ஏற வேண்டிய தாள் அது. நடுராத்திரி ஒரு மணிக்குப் போய் 'தாளைக் காட்டு' என்று கேட்பதுதான் மதிப்பீடு. பிரசவமானதும் ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போனதா என்பதை ஸ்டாஃப் நர்ஸைக் கேளுங்கள். அழாத குழந்தைக்குப் பை-மாஸ்க் பிடிப்பதை பொம்மையில் வாரம் ஒருமுறை செய்யவைக்கலாம். கழுத்து லேசாக மட்டும் நிமிர்ந்திருக்க வேண்டும், நெஞ்சு எழும்ப வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60. வேகமாக அழுத்துவார்கள், நெஞ்சைப் பார்க்க மாட்டார்கள்.

எக்லாம்ப்சியா (பிபி ஏறிய கர்ப்பிணிக்கு வரும்) வலிப்புக்கு பிஹெச்சியில் போடும் முதல் டோஸ் மக்னீசியம் சல்ஃபேட் 10 கிராம், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆழமாகத் தசையில். 50 சதவீத ஆம்பூல் 2 மில்லியில் 1 கிராம் என்றால், ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பூல், 10 மில்லி. வாயால் கேட்டால் '10 கிராம்' என்பார். கையில் ஆம்பூல் பெட்டியைக் கொடுத்து, கடிகாரத்தைத் தட்டிவிட்டு, 'ஏற்றுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும் என்று அப்போதுதான் புரியும். 2 மில்லி சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஸ்டாக்கில் வேறு வீரியம் வந்திருக்கலாம், அதனால் ஆம்பூலில் இருப்பதைச் சத்தமாகப் படித்தாரா என்பதற்கும் ஒரு மதிப்பெண். காலாவதியான ஆம்பூல்களை இந்தப் பயிற்சிக்கென்று தனியாக, பெரிய எழுத்தில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதி, அவசர அறையிலிருந்து தூரத்தில் வையுங்கள்.

ஒருவர் தேறவில்லை என்றால் என்ன செய்வது? எம்ஓக்கள் 2 போடத் தயங்குவதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. போட்டால் கல்லூரிக்குக் கடிதம், விளக்கம், பெற்றோர் போன் எல்லாம் வரும். அதனால் 12-ஆவது வாரத்தில் குண்டு போடாதீர்கள். 4-ஆவது வாரத்திலும் 8-ஆவது வாரத்திலும் எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்த வேலை, என்ன நடந்தது. 'அலட்சியம்' என்று எழுதாதீர்கள். 'மூன்று கர்ப்பிணிகளுக்கு அளக்காமல் பிபி எழுதினார்' என்று எழுதுங்கள். அவரும் கையெழுத்திடட்டும். 8-ஆவது வாரத்துக்குப் பிறகும் அதே என்றால், அந்தப் பகுதியை நீட்டிக்கச் சொல்லிப் பரிந்துரைக்க உங்களிடம் தாள் இருக்கும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சிஆர்ஆர்ஐயிடம் இருப்பது தற்காலிகப் பதிவு. விஷம், பாம்புக்கடி, அடிதடி கேஸ்களின் சட்டப் பதிவிலும் இறப்புச் சான்றிலும் அவரைக் கையெழுத்திடச் சொல்வது பயிற்சி ஆகாது.

கடைசியாக ரெஃபரல் சீட்டு. பிஹெச்சி டாக்டரின் திறமை முழுவதும் ஒரு துண்டுத் தாளில் தெரியும் இடம் இது. 'உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிய சீட்டுக்கு 0. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இங்கே என்ன கொடுத்தோம், எவ்வளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு, வண்டி ஏறும்போது பிபி, நாடி, மூச்சு எவ்வளவு, அந்தப் பக்கம் போனில் யாரிடம் சொன்னோம் என்று இருக்க வேண்டும். மக்னீசியம் போட்ட நேரம் எழுதாமல் அனுப்பினால் அங்கே இருக்கும் டாக்டர் மறுபடி முழு டோஸ் போடலாம், அல்லது பயந்து போடாமலே விடலாம். இரண்டும் நடக்கக்கூடியவை.

மாதம் ஒருமுறை சிஆர்ஆர்ஐ எழுதிய பத்துச் சீட்டுகளின் நகலை மேஜையில் பரப்பி, அவரையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு ரெஃபரல் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைக் காட்டுங்கள். 'முடிவு' என்று தலைப்பு இருக்கும், பெரும்பாலும் காலியாக இருக்கும். அனுப்பிய மறுநாள் மாவட்ட மருத்துவமனைக்குப் போன் போட்டு அந்தக் கட்டத்தை நிரப்புவது அவருடைய வேலை என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். போன் பத்து நிமிடம் எடுக்காமலே அடிக்கும், வார்டு மாறிப் போகும், பெயர் தப்பாக இருக்கும். அந்தப் பத்துக் கட்டமும் நிரம்பிய பிறகு லாக்புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.